வண்டிக்குக் கீழே

2019 ஆரம்பத்தில் நான் ஓமனிலிருந்து லீவில் வந்திருந்தபோது கிருஷ்ணகிரி பக்கம் டீக்கடை, பஸ், கல்யாண வீடு எங்கே போனாலும் பெருமாள் சிலைப் பேச்சுதான். வந்தவாசி பக்கத்தில் கொரக்கோட்டையில் வெட்டின ஒரே கல், சுமார் 350 டன் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள், பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு கோயிலுக்குப் போகிறது, 240 டயர் வண்டி. அது எங்கள் மாவட்டத்துக்குள் வந்து குருபரப்பள்ளியில் மார்க்கண்டேய நதிப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பாலம் தாங்காது என்பதால் பக்கத்தில் ஆற்றுக்குள்ளேயே மண்பாதை போட வேண்டியிருந்தது.

அம்மாவை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். திருவிழாக் கூட்டம். இளநீர்க் கடை, பொரிக்கடை, கற்பூரம். அம்மா கும்பிட்டுவிட்டு, "ஏன்டா, நீ அங்க செய்யறதும் இதே வேலைதானே?" என்று கேட்டார். பத்து வருஷமாக வெளிநாட்டில் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் இருந்தது, அன்றைக்கு ஒரு நொடியில் முடிந்தது. ஆமாம்மா, இதேதான், சாமிக்குப் பதிலா இரும்பு.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் காஸ் பிளான்ட்டுகளுக்கும் போகிற பெரிய பாத்திரங்களை (ரியாக்டர், கோபுரம் மாதிரி நெட்டையாக நிற்கிற 'காலம்', ஹீட் எக்ஸ்சேஞ்சர், எல்லாமே கடைசியில் பாத்திரம்தான்) தூக்குவது, வண்டியில் ஏற்றுவது, கொண்டுபோய் இறக்குவது. இதில் பாரத்துக்குக் கயிறும் சங்கிலியும் கட்டித் தூக்க வைக்கிற ரிக்கராக ஆரம்பித்து சூப்பர்வைசராக இருக்கிறேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாரும் டயரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் ஆற்றுக்குள் இறங்கி, கொட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் அப்படி. ஓமனில் என் முதல் ஃபோர்மேன் தூத்துக்குடிக்காரர், எங்கே போனாலும் கையில் ஒரு கடப்பாரை வைத்திருப்பார், வண்டி வரப்போகிற இடத்தில் பத்தடிக்கு ஒரு குத்து. நான் கிரேனின் நீட்டிய கையை (பூம்) அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால், "மேல பாக்க ஆயிரம் பேர் இருக்கான், நீ கீழ பாருல" என்பார்.

அந்த 240 டயர் கணக்கு என்ன என்று பல பேர் கேட்டதால் எழுதுகிறேன். அது ஹைட்ராலிக் ஆக்சில் வண்டி. ஒரு வரிசைக்கு 8 டயர். அப்படியானால் 240 டயருக்கு 30 வரிசை. நம் நாட்டில் ஒரு வரிசைக்கு வண்டியின் சொந்த எடையும் சேர்த்து 18 டன் வரை போகலாம். லோடு ஏற ஏற வரிசையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று பின் போட்டு இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாலு டயருக்கும் மேலே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கிறது. அந்த சிலிண்டர்களின் எண்ணெய்க் குழாய்களை மூன்று கூட்டமாகப் பிரித்து இணைப்போம். ஏன் மூன்று? கயிற்றுக் கட்டிலை மேடுபள்ளத் தரையில் போட்டால் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும், மூன்று கல் அடுப்பு எங்கே வைத்தாலும் ஆடாது, அதனால்தான். ஒரு கூட்டத்துக்குள் எண்ணெய் ஒன்றுதான் என்பதால் ஒரு டயர் பள்ளத்தில் இறங்கினால் அந்த சிலிண்டர் நீண்டுகொள்ளும், மேட்டில் ஏறியது சுருங்கிக்கொள்ளும், எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருக்கும். பொருளின் எடை மையம் அந்த மூன்று கல்லுக்கு நடுவே விழ வேண்டும். விழாவிட்டால் சாய்ந்துவிடும், அவ்வளவுதான்.

இப்படி எடையைப் பரப்பிவிட்ட பிறகு நடக்கிற கூத்து என்னவென்றால், வரிசைக்கு 18 டன், வண்டி அகலம் 3 மீட்டர், வரிசைக்கும் வரிசைக்கும் ஒன்றரை மீட்டர் என்று வைத்து, வண்டியின் நிழல் விழுகிற இடம் முழுக்க எடையைப் பரப்பிக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 4 டன்தான் வருகிறது. (டயர் தரையைத் தொடுகிற இடத்தில் இதைவிடப் பல மடங்கு இருக்கும், அது வேறு கணக்கு.) ஒரு மனிதர் சும்மா நிற்கும்போதே அவர் பாதத்துக்குக் கீழே கிட்டத்தட்ட சதுர மீட்டருக்கு 2 டன் அழுத்தம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், இந்த வண்டி உன்னைவிட ரெண்டு மடங்குதான் பூமியை மிதிக்குது என்று. "என்னையும் சாமியையும் ஒண்ணா வெச்சுப் பேசாத" என்றார்.

அப்படியானால் பாலம் ஏன் தாங்காது? நல்ல கெட்டித் தரையில் மொத்த எடை எவ்வளவு இருந்தாலும் பரப்பிவிட்டால் கவலையில்லை. பாலத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே எத்தனை வரிசை ஏறி நிற்கிறதோ அத்தனையும் அந்த ஒரு கண்ணுக்குத்தான். சாலைக்கும் பாலத்துக்கும் விதி வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் பால விதிகளில் இதற்கென்றே ஒரு கற்பனை வண்டி இருக்கிறது, மொத்தம் 385 டன். பின்னால் 18 டன் வீதம் 20 வரிசை, முன்னால் 25 டன்னில் இழுக்கும் புல்லர். அந்த வண்டி பாலத்தின் நட்டநடுவில், ஓர் அடிக்கு மேல் விலகாமல், மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மிகாமல் போவதாக வைத்துக்கொண்டுதான் கணக்கே. இது விதிக்குள் வந்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறது, நம் ஊர்ப் பாலங்களில் பாதி அதற்கு முன்னால் கட்டியவை. அதனால் பெரிய லோடு வந்தால் ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும், கணக்கு ஒத்துவராவிட்டால் ஆற்றில் இறங்க வேண்டும். சிலை நின்றுகொண்டே இருந்ததற்கு வண்டியைக் குறை சொன்னவர்கள் நிறைய. வண்டி பாவம், பாதை வரும்வரை காத்திருந்தது.

ஆற்றில் பாதை போடுவதும் லேசில்லை. தண்ணீர் போக சிமென்ட் குழாய், மேலே கல், அதன் மேல் கிராவல், ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அவசரத்தில் ஒரேயடியாக நாலடி மண்ணைக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கடப்பாரை குத்தினால் தெரிந்துவிடும்.

கடப்பாரை குத்தாமல் நான் பட்டது ஒன்று உண்டு. ஓமனில் ஒரு பிளான்ட், பெயர் வேண்டாம். 18 டன் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றை லாரியிலிருந்து இறக்க வேண்டும், தினமும் செய்கிற வேலை, கிரேனுக்கு அது பெரிய எடையே இல்லை. கிரேனை நிறுத்தி நாலு காலையும் விரித்தோம். காலுக்கு அடியில் போட வேண்டிய பெரிய தட்டு வேறு சைட்டில் மாட்டிக்கொண்டது, சரி, கட்டை இருக்கிறதே என்று சின்னக் கட்டைகளைப் போட்டுவிட்டு லிஃப்ட் பிளானில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். லோடு லாரியைவிட்டு ஓர் அடி எழுந்திருக்கும், பின்பக்க வலது கால் தரைக்குள் போக ஆரம்பித்தது. சத்தமே இல்லை. கரும்பலகை ஒரு பக்கம் ஆணி கழன்று சாய்கிற மாதிரி மெதுவாக கிரேன் சாய்ந்தது. ஆபரேட்டர் பதறாமல் லோடை அப்படியே லாரி மேலேயே உட்கார வைத்துவிட்டார், அவர் அன்று கொஞ்சம் பயந்து பூமைத் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது. தோண்டிப் பார்த்தால் இரண்டு வாரம் முன்னால் கேபிளுக்காக வெட்டி மூடிய பள்ளம். மேலே ஜல்லி பரப்பியிருந்ததால் சுற்றியிருக்கிற தரை மாதிரியே இருந்தது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முன்னாலேயே போட்டிருக்க வேண்டியது. கிரேனின் சொந்த எடை 40 டன், லோடு 18, தூக்கும் பக்கத்துக் கால் ஒன்றிலேயே 40 டன் வரை வரலாம். அரை மீட்டர் சதுரக் கட்டையில் அது சதுர மீட்டருக்கு 160 டன். ஒன்றரை மீட்டர் சதுரத் தட்டு போட்டிருந்தால் 18 டன்னுக்குக் கீழே வந்திருக்கும். சாமி சிலையும் வண்டியும் சேர்ந்தே நாலு டன்னில் மிதித்துக்கொண்டு போகிறது, நான் ஒரு சாதாரண எக்ஸ்சேஞ்சரை இறக்க 160 டன்னில் குத்தியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், யாரையும் சொல்வதற்கில்லை. அன்றிலிருந்து எனக்கும் கையில் ஒரு கடப்பாரை உண்டு.

பெரிய எண்ணெய்ப் பாத்திரங்களைச் செய்கிற பட்டறைகள் ஏன் கடலோரத்திலேயே இருக்கின்றன என்பதற்கும் காரணம் இந்தத் தரைதான். சூரத் பக்கம் ஹசிராவில், தாபி நதி கடலில் சேருகிற இடத்தில், சுவர் தடிமனே ஒரு சாணுக்கு மேல் இருக்கிற ரியாக்டர்களைச் செய்கிறார்கள், சிலவற்றின் எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். பட்டறையிலிருந்து உருட்டி நேராகப் படகில் ஏற்றிவிட்டால் பாலம் கிடையாது, மின்கம்பி கிடையாது, கலெக்டர் ஆபீஸ் கிடையாது. ஆனால் ராஜஸ்தானில் பச்பத்ரா மாதிரி பாலைவனத்து நடுவில் ரிஃபைனரி கட்டினால் துறைமுகத்திலிருந்து மாதக் கணக்கில் நகர்த்த வேண்டும். அசாமில் நுமாலிகர் ரிஃபைனரி விரிவாக்கத்துக்கு பிரம்மபுத்திராவிலேயே படகில் கொண்டுபோனார்கள். நமக்கு இங்கே தென்பெண்ணையில் பரிசல் போனாலே பெரிய விஷயம்.

ஊருக்கு வந்த பிறகு செய்த வேலைகளில் மனதில் நிற்பது ஓசூரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் கொண்டுபோன ஒரு பாத்திரம். 86 டன், 22 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் விட்டம். 10 வரிசை, 80 டயர். பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம், எங்களுக்கு 17 நாள். அதற்கு முன்னால் ரூட் சர்வே, ஒரு பிக்கப் வண்டியில் 5.8 மீட்டருக்குக் கம்பு நட்டுவைத்து முழு வழியும் போய் எங்கெல்லாம் இடிக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தேன். 86 டன் யாருக்கும் தலைவலியாக இல்லை, தலைவலி எல்லாம் உயரம். வண்டி மேல் வைத்ததும் 5.6 மீட்டர், தேசிய நெடுஞ்சாலையில் குறுக்கே போகிற பாலங்களுக்குக் கீழே பொதுவாக 5.5 மீட்டர்தான் இடைவெளி விட்டிருப்பார்கள். பத்து சென்டிமீட்டர்! அந்த இடம் வரும்போது எல்லா சிலிண்டரையும் இறக்கி, பாத்திரம் உட்கார்ந்திருக்கிற வண்டித் தளத்தை (டெக்) 20 சென்டிமீட்டர் தாழ்த்தி, இரண்டு பக்கமும் ஆள் டார்ச் அடித்துக்கொண்டு, ஆமை மாதிரி உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உயர்த்த வேண்டும். கேபிள் டிவி ஒயருக்கு மூங்கில் கவட்டை. மின்கம்பிக்கு இ.பி. ஆபீஸில் பணம் கட்டி லைன்மேன் வந்து நிறுத்த வேண்டும், அவர் சாப்பிடப் போய்விட்டால் நாமும் சாப்பிட வேண்டியதுதான்.

தொப்பூருக்கு வருகிறேன். தர்மபுரிக்காரர்களுக்கு இந்தக் கணவாயைப் பற்றி விளக்கத் தேவையில்லை, சேலம் போகும் பக்கம் இறக்கமும் வளைவுமாக இருக்கிற அந்தத் துண்டு ரோட்டில் ஒவ்வொரு வருஷமும் எத்தனை உயிர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்து மிதித்து, டிரம் சூடாகி, கடைசியில் பிரேக் இருந்தும் பிடிக்காமல் போவது. இரட்டைப் பாலம் பக்கம் வந்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றில் ஒரு பிசைவு.

எங்களுக்கு அங்கே ஏற்றம் என்றால் இழுக்க வலு போதுமா என்ற கேள்வி, இறக்கம் என்றால் பிடிக்க வலு போதுமா. முன்னால் ஒரு புல்லர், பின்னால் தண்டு போட்டு இன்னொரு புல்லர், பின்னால் இருப்பது தள்ளுவதற்கு இல்லை, வாலைப் பிடித்துக்கொள்வதற்கு. முன் வண்டி டிரைவர் சங்ககிரிக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். விடிகாலை 5 மணிக்குப் போலீஸ் வண்டிகளை நிறுத்தி வழி விட்டார்கள். கிளம்புவதற்கு முன் பூசணிக்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றார். "அண்ணா, எண்பது டயர் இருக்கு" என்றேன். "புல்லருக்கு மட்டும் வை தம்பி, பின்னாடி வர்றது அதுக்குக் கட்டுப்பட்டதுதானே" என்றார். முதல் கியர். ஆக்சில் ஆபரேட்டர் பக்கத்திலேயே நடந்து வருகிறார், வளைவில் ரோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் அந்தப் பக்கத்து சிலிண்டரை ஏற்றி டெக்கை மட்டமாக வைத்துக்கொண்டே. நானும் நடந்தேன். இரண்டு தடவை நிறுத்தி டிரம்மில் சூடு பார்த்தோம். கீழே வந்து சேர வெயில் ஏறிவிட்டது. டிரைவர் இறங்கி டீ கேட்டார், வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் நாமக்கல் தாண்டி ஒரு சர்வீஸ் ரோட்டுச் சிறு பாலத்தில், சின்ன வாய்க்கால்தான், அதன் ஓரச் சுவரில் விரிசல் பார்த்து இரும்புத் தகடு போட்டுத் தாண்டினோம். தொப்பூருக்கு இருந்த பயம் அந்த வாய்க்காலுக்கு யாருக்கும் இல்லை, எனக்கு அதுதான் அதிகம் இருந்தது.

பெரிய லோடு பற்றி எழுதினால் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டங்களில் எண்ணெய், காஸ் வேலை என்றால் வருவது பெரும்பாலும் பாத்திரம் இல்லை, குழாய். 24 அங்குலக் குழாய், 12 மீட்டர் நீளம், 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒன்று 1.7 டன் எடை. ஒரு டிரெய்லரில் 14, 15. அவ்வளவுதான், ஹைட்ரா என்கிற சின்ன கிரேன் ஒன்று போதும் இறக்க. ஒரு குழாயில் ஒன்றுமில்லை, கிலோமீட்டருக்கு 83 குழாய் என்பதில்தான் இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதில் கீறல் விழுந்தால் மண்ணுக்குள் அந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும், அதனால் இரும்புக் கயிறு கூடாது, நைலான் பெல்ட், அடியில் மணல் மூட்டை. பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்று பல ஆயிரம் வோல்ட் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஹாலிடே டெஸ்ட் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு லீவு என்று நினைத்து வீட்டுக்குப் போன பையன் ஒருவன் எங்கள் டீமில் இருந்தான்.

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு மத்திய அரசு நிறுவனமான கெயிலின் காஸ் குழாய், தமிழ்நாட்டில் கோவையில் தொடங்கி தர்மபுரி, கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள் வழியாகப் போவதாக இருந்தபோது நடந்த போராட்டம் இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வயலுக்குள் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள், 2013-இல் மாநில அரசும் அதையே சொன்னது, 2016-இல் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1962-ஆம் வருஷச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் குழாய்க்கு. அந்தப் பட்டையில் வீடு கூடாது, கிணறு கூடாது, மரம் கூடாது. சட்டத்தில் இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். 2 ஏக்கர் சதுரமாக இருந்து நடுவில் 20 மீட்டர் பட்டை போனால் கிட்டத்தட்ட 45 சென்ட். மாந்தோப்பு என்றால் யோசித்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. தொப்பூரில் காஸ் டேங்கர்களுக்குப் பின்னால் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் குழாயே மேல் என்று சொல்வேன், பெங்களூரா மாங்காய் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள் என்பதால் அதை உரக்கச் சொல்ல வாய் வராது.

என் மாமா நிலம் பாலக்கோடு பக்கம். வேறொரு குழாய் வேலைக்கு லாரி போக அவர் ராகிக் காட்டு ஓரமாகத் தற்காலிகப் பாதை கேட்டார்கள், மூன்று மாத வாடகை கொடுத்தார்கள், வேலை முடிந்ததும் மேலே இருந்த கிராவலை அள்ளிச் சமன் செய்தும் கொடுத்தார்கள். நான்தான் நடுவில் நின்று பேசி முடித்தேன். பாதைக்காக மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்துத் திரும்பப் போட வேண்டும் என்று சொன்னேன், அதையும் செய்தார்கள். அடுத்த பட்டத்தில் மற்ற இடமெல்லாம் ராகி இடுப்பளவு, அந்தப் பட்டையில் மட்டும் முழங்கால் அளவு, அதுவும் மஞ்சள் பூத்துப்போய். அடுத்த வருஷமும் அப்படியே.

மாமா கோபிக்கவில்லை. "ஆக்சிலுக்கு இத்தனை டன், பாலத்துக்கு இத்தனை டன்னு சொல்லுவியே மாப்ள, ராகிக்கு எத்தனைன்னு பார்த்தியா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. வண்டி புதையுமா என்று மட்டும்தான் பார்த்தேன், தரை கெட்டியாக இருந்தது, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். நல்ல இடத்தில் ஒரு குத்துக்கு முக்கால் முழம் இறங்குகிறது. பாதை இருந்த இடத்தில் ஒரு சாண் போனதும் டக்கென்று நிற்கிறது, கை அதிர்கிறது. மேல்மண் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குக் கீழே லாரிகள் மூன்று மாதம் ரோலர் ஓட்டியிருக்கின்றன. டிராக்டர் கலப்பை அந்த ஆழத்துக்குப் போகாது. உளிக்கலப்பை என்று ஒன்று இருக்கிறது, ஒற்றை உளி மாதிரி ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீறிக்கொண்டு போகும், வாடகைக்குக் கிடைக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் பிரயோசனமில்லை, காய்ந்திருக்கும்போதே ஓட்ட வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லி வைத்திருக்கிறேன். வாடகை நான் கொடுப்பதாகச் சொன்னேன், மாமா பாதி போதும் என்கிறார்.